அக்கா பேத்தி

ஒருபோதும் இல்லை. இதற்கும் அதேதான், ஒருபோதும் இல்லை. பேனாவை அழுத்திக் கட்டத்துக்குள் டிக் போடுகிறேன். கடந்த நான்கு வாரங்களில் உங்கள் குழந்தைக்கு உடம்பில் எங்காவது வலி இருந்ததா என்று கேட்கிறது தாள். இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்குமா. இந்த வார்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கட்டும், மோனிஷாவைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அவள் அப்பாவைக் கேளுங்கள் என்பார்கள். எந்தக் கையில் நரம்பு சட்டென்று கிடைக்கும், எந்தக் கையில் குத்தினால் நழுவும், சொட்டு எவ்வளவு வேகமாக விட்டால் அவளுக்குக் குளிரெடுக்கும், எல்லாம் நான்தான் சொல்வேன். புதிதாக வரும் நர்சுகள் முதல் தடவை முகம் சுளிப்பார்கள், அடுத்த தடவை அவர்களே "தீர்த்தகிரி அண்ணே, எந்தக் கைன்னு சொல்லுங்க" என்று கூப்பிடுவார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரூரிலிருந்து காரில் கூட்டி வருகிறேன், கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து, இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். தலசீமியா. தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாமல் ஒரு உடம்பு பிறந்துவிட்டது, ஊரார் ரத்தத்தில்தான் ஓட வேண்டும், இதை எத்தனை பேருக்கு எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன். அவள் அம்மா வெண்ணிலாவுக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும், "நீங்களே போயிட்டு வந்துருங்க மாமா" என்று எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்துவிடுவாள். அதனால் நல்ல அப்பா என்ற பெயர் முழுவதும் எனக்கே. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். பிடிக்காது என்றால் பொய். உங்கள் குழந்தை மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறாரா. எப்போதும். ஏற்றிய ரத்தத்திலிருந்து இரும்புச்சத்து உடம்பில் தங்கி ஈரலையும் இருதயத்தையும் கெடுக்காமல் இருக்க அந்த மாத்திரை, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கும், விடிந்ததும் நான்தான் கரைத்துக் கொடுக்கிறேன், அவள் வாயில் வைக்கிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டிச் சாவியை எடுக்கிறேன். அப்படியும் போன முறை இரும்பு அளவு கூடியிருந்தது. மாத்திரைக் கம்பெனியை மாற்றிவிட்டார்கள், அதுதான் காரணம் என்று டாக்டரிடம் வாதாடினேன், அவர் மோனிஷாவைப் பார்த்தார், மோனிஷா என்னைப் பார்த்தாள். உங்கள் குழந்தையின் உடல்நிலை காரணமாகக் குடும்பத்தினர் சங்கடப்படுகிறார்களா. இது என்ன கேள்வி. பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவதில் என்ன சங்கடம். ஒருபோதும் இல்லை. முடிந்தது.

நஸ்ரின் என்று பெயர் சொன்னது அந்தப் பெண், ஆய்வுக்கு வந்திருப்பவள், கழுத்தில் அட்டை தொங்க, எழுந்து நின்று பேசுகிறவள். காலையில் ரத்தம் ஏறத் தொடங்கியதும் வந்து விளக்கினாள். இந்தக் கேள்வித்தாள் வெளிநாட்டில் செய்தது, தமிழில் மாற்றியிருக்கிறார்கள், மாற்றியது சரியாக இருக்கிறதா, கேட்பது பிள்ளைகளுக்குப் புரிகிறதா, பிள்ளை சொல்வதும் பெற்றவர் சொல்வதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் வேலை என்றாள். "மோனிஷா மனசுல என்ன இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்களோ அதைப் போடுங்க சார். அவகிட்ட நான் தனியாக் கேக்குறேன். இது பரீட்சை இல்ல, பாஸு ஃபெயிலு கிடையாது." கிடையாது என்று சொன்னால் ஆயிற்றா. நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன், பாஸும் ஃபெயிலும்தான் எனக்குச் சோறு. ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்களாம், பார்க்கட்டும், இந்த வார்டிலேயே அச்சு அசலாக ஒத்துப்போகிற ஜோடி நாங்களாகத்தான் இருப்போம் என்று நினைத்துக்கொண்டேன். கோடியில் தண்ணீர் கேன் பக்கத்தில் நாற்காலி போட்டு, தயவுசெய்து அங்கே உட்காருங்கள் என்றாள், உட்கார்ந்தேன். இப்போது முடித்துவிட்டேன், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான். எழுந்து நடக்கிறேன். மோனிஷா கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்துவிட்டிருக்கிறது. அடியில் நஸ்ரினின் செருப்பும் நாற்காலிக் காலும் தெரிகின்றன. உள்ளே வரலாமா என்று கேட்க வாயெடுக்கிறேன், அதற்குள் மோனிஷாவின் குரல், அப்படி ஒரு குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை, அவசரமே இல்லாத குரல். "வலிக்கும்கா. ரத்தம் ஏத்துறதுக்கு முந்தி நாலஞ்சு நாள் கால் ரெண்டும் வலிக்கும். அடிக்கடின்னு போட்டுக்குங்க."

திரும்பிப் போய்விட வேண்டும். தனியாகக் கேட்கிறேன் என்றுதானே அந்தப் பெண் சொன்னது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த கட்டில் அம்மாவைப் பார்த்துச் சும்மா சிரிக்கிறேன், அந்தப் பெண் முடிக்கட்டும் என்று நிற்பவன் மாதிரி. கால் வலிக்கிறதாம். எந்த நாலு நாள். போன வாரம் பெருமாள் கோவில் படி ஏறினாளே, எனக்கு முன்னால் ஏறினாளே, மேலே போய்த் திரும்பிச் சிரித்தாளே. அப்போதுமா. "வீட்ல சொல்லுவியா?" "சொல்ல மாட்டேன். சொன்னா அப்பா அன்னைக்கு எல்லா கிளாஸையும் கேன்சல் பண்ணிட்டு வண்டியை எடுத்துருவார். இங்க வந்து எல்லார்கிட்டயும் சண்டை போடுவார். அதுக்கு வலியே பரவால்ல." நஸ்ரின் சிரிக்கவில்லை. மோனிஷா கொஞ்சம் சிரித்தாள். என் வலது கால் தரையை அழுத்துகிறது. பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, பழகுகிறவர் தடுமாறினால் நான் மிதித்துவிடுவேன், பல வருஷப் பழக்கம், பஸ்ஸில் போனாலும் கால் தானாக அழுத்தும். டாக்டர் "இப்ப எப்படிம்மா இருக்கு" என்று மோனிஷாவைக் கேட்டால் "நல்லாருக்கு சார், பசிதான் கம்மி" என்று என் வாய்தான் சொல்லும். அவள் வாய் திறப்பதை என்றாவது பார்த்திருக்கிறேனா. திறந்திருக்கும், நான் அதற்குள் மிதித்திருப்பேன். "மாத்திரை எடுக்க மறந்துருக்கியா?" "மறக்கறதில்லக்கா." அப்பாடா. "பாதிதான் குடிப்பேன். மீதியை ஊத்திருவேன். அப்பா முதல் வாய் வரைக்கும் பார்ப்பார், அப்புறம் கிளாஸுக்கு ஆள் வந்துருவாங்க." எங்கே ஊற்றுவாய் மோனி. வாஷ்பேசினிலா, பின்னால் கறிவேப்பிலைச் செடியிலா. "முழுசாக் குடிச்சா முதல் பீரியட்லயே வயித்தைக் கலக்கும். எங்க ஸ்கூல் பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல. யாராவது நிக்கணும் வெளிய. தினம் யாரைக் கூப்பிடறது." தாழ்ப்பாள் இல்லை. என் பிள்ளையின் ஈரலில் இரும்பு சேர்கிறது, பள்ளிக்கூடத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால். நான் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவு பேர் முன்னால், சத்தமாக, அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது சொல்லியிருக்கலாமே. எப்படிச் சொல்வாள், பக்கத்தில் நான் நிற்கிறேனே. போ, இப்போதாவது போ. அடுத்தவர் வீட்டு ஜன்னலடியில் நிற்பவன் மாதிரி சொந்த மகள் கட்டிலடியில் நிற்கிறாய்.

போயிருந்தால் அடுத்ததைக் கேட்டிருக்க மாட்டேன். நஸ்ரின் நிதானமாகப் படித்தாள், "உன் உடல்நிலை காரணமாக உன் குடும்பத்தினர் சங்கடப்படுவதாக நீ நினைக்கிறாயா." மோனிஷா திருப்பிக் கேட்டாள், "சங்கடம்னா கஷ்டமாக்கா, வெக்கமா?" நான் அப்படி யோசிக்கவே இல்லை. கஷ்டம் என்று எடுத்துக்கொண்டு டிக் போட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டியாயிற்று. "உனக்கு எப்படித் தோணுது? நீ சொல்றதை வச்சுத்தான் கேள்வியே சரியான்னு பார்க்கணும்." "கஷ்டம்னா ஒரு பதில். வெக்கம்னா வேற பதில்." "ரெண்டும் சொல்லு." "கஷ்டம்னா ஒருபோதும் இல்ல. அப்பாவுக்கு என்னைக் கூட்டிட்டு வர்றது கஷ்டமே கிடையாது, அது அவருக்குப் பிடிக்கும்." பிடிக்கும் என்றாள். தெரிந்திருக்கிறது. "வெக்கம்னா?" சொட்டு விழுகிற சத்தம் கேட்காது, ஆனால் எனக்குக் கேட்டது மாதிரி இருந்தது. "சில நேரம்." "ஏன் அப்படித் தோணுது? ஏதாவது உதாரணம் சொல்ல முடியுமா? வேண்டாம்னா விட்டுரலாம்." சொல்லாதே கண்ணு. விட்டுரலாம் என்கிறார்கள் பார். எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது என்ன சொல்லப் போகிறாள் என்று, கார் கண்ணாடி ஏற்றியிருந்ததே, இவளுக்குக் கேட்டிருக்காதே. "லைசென்ஸ் டெஸ்ட் நடக்குற கிரவுண்டுக்கு ஒருநாள் போனோம்கா, இங்கிருந்து போற வழியில. ஒருத்தர் அவர் பொண்ணுங்க ரெண்டு பேரையும் டிரைவிங் சேர்க்க வந்துருந்தார். ரெண்டும் நல்லா உயரமா, அழகா இருந்தாங்க. வண்டியில இருக்கிற பாப்பா யாரு, மூணாவது படிக்குதான்னு கேட்டார். அப்பா, எங்க அக்கா பேத்தின்னு சொன்னார். பொய் இல்லக்கா. எங்கம்மா, அப்பாவோட அக்கா பொண்ணு. அப்ப நான் அக்கா பேத்திதானே. சரியாத்தான் சொன்னார்."

சரியாகத்தான் சொன்னேன். அன்றைக்கு நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கொண்டேன், வண்டியில் ஏறி, பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, அதில் இவள் முகம் தெரியாதபடி சரிசெய்து. பொய் சொல்லவில்லை. கியர் விழுவது மாதிரி விழுந்தது அந்த வார்த்தை, யோசித்துச் சொன்னதாக நினைவில்லை, யோசித்திருந்தால் இன்னும் மட்டமாக எதையாவது சொல்லியிருப்பேனோ, தெரிந்தவர் பிள்ளை என்று. அந்த மனுஷன் கண் வண்டிக்குள் போனது, அவள் கன்ன எலும்பு மேலே போனது, நெற்றி மேலே போனது, இந்த நோயில் எலும்பு அப்படித்தான் அகலும், நிறம் மங்கும், உயரம் நிற்கும், எல்லாம் எனக்குத் தெரியும், பாடம் எடுக்கிற அளவுக்குத் தெரியும். அந்தக் கண் அங்கிருந்து என் மேல் வரப்போகிறது என்று தெரிந்த உடனே நான் ஒதுங்கிக்கொண்டேன். இது இன்றைக்கு நேற்றைக்கு ஆரம்பித்ததா. முதன்முதலில் பெரிய டாக்டர், முடிவு எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் "சொந்தத்துலயா?" என்று கேட்டார். "அக்கா பொண்ணுங்க." அவர் ஒன்றும் திட்டவில்லை. சொந்தமே இல்லாதவர்களுக்கும் வரும், சொந்தத்தில் இரண்டு பேருக்கும் ஒரே குறை இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான் என்று பொறுமையாகச் சொன்னார். ஆனால் அந்த அறையில் இன்னும் இரண்டு மாணவ டாக்டர்கள் இருந்தார்கள், அதில் ஒரு பையன் குனிந்து எழுதினான், எனக்கு வெண்ணிலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே கூசியது, ஏதோ செய்யக் கூடாததை ஊரறியச் செய்துவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி. கல்யாணத்தில் யாருக்கும் கூசவில்லை. நானூறு பேர் சாப்பிட்டார்கள். அக்கா எனக்குத் தாலி எடுத்துக் கொடுத்தாள், அவளுக்குத்தான் எவ்வளவு சந்தோஷம், தம்பிக்கே கொடுத்தால் மகள் கண்ணெதிரில் இருப்பாள் என்று. அந்த அக்கா பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் மோனிஷாவைத் தொடாமல் ஓரமாக உட்கார ஆரம்பித்தாள், குற்றம் செய்தவள் மாதிரி. நான் ஒருநாளும் அவளைப் பார்த்து இது உன் தப்பில்லை என்று சொன்னதில்லை. சொல்லாமல் விட்டதில் ஒரு வசதி இருந்தது, பழியை அவள் பக்கம் வைத்துக்கொள்ளலாம். கிரவுண்டிலும் அதையேதான் செய்தேன், அக்கா பேத்தி, அதாவது அவள் கணக்கில் சேரும் பிள்ளை, என் கணக்கில் இல்லை. இதைவிட வெளிப்படையாக ஒரு மனுஷன் சொல்ல முடியுமா. அந்தப் பெண்கள் இரண்டு பேரும் என்னிடம் கற்றுப் பாஸாகிவிட்டார்கள், சின்னவள் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாள், அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன், மோனிஷா பெட்டியைத் திறந்து யார் கொடுத்தது என்று கேட்டாள், சொன்னேன். ஒன்றை எடுத்தாள். தின்றாளா என்று பார்க்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள், படிப்பைப் பற்றி ஏதோ. என் காதில் வார்த்தை நிற்கவில்லை. தாளைப் பார்க்கிறேன். ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை, மேலிருந்து கீழே ஒரே நேர்கோட்டில் என் டிக்குகள், எவ்வளவு அழகாக இருக்கின்றன. இதை அந்தப் பெண் வாங்கி மோனிஷாவின் தாளுக்குப் பக்கத்தில் வைப்பாள். சுவரில் தாளை வைத்து, வலிக்கான டிக்கை அடித்துவிட்டு, அடிக்கடி என்ற கட்டத்தில் போடுகிறேன். கை நிற்கவில்லை. மாத்திரை. எப்போதும் என்பதை அடித்துச் சில நேரம். பக்கத்துப் பையனின் விடையைப் பார்த்து எழுதுகிறவனுக்குக்கூடக் கொஞ்சம் பயம் இருக்கும், எனக்கு அவசரம்தான் இருந்தது, எனக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்று காட்டிக்கொள்ளும் அவசரம். கேட்டது என்னை என்ன செய்தது என்று யோசிப்பதற்கு முன்னால் கை மார்க்கைத் திருத்தக் கிளம்பிவிட்டது. சங்கடம் வருகிறது. பேனா கட்டத்துக்கு மேல் நிற்கிறது. சில நேரமா, அடிக்கடியா. இதற்கு அவள் சொன்னதைப் பார்த்து எழுத வேண்டியதில்லையே, இது என்னைப் பற்றிய கேள்வி, எனக்குத்தானே தெரியும். அப்போதுதான் திரை விலகியது.

நஸ்ரின் என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், திரையை நன்றாக இழுத்து மூடிவிட்டு வந்தாள். "எப்ப வந்தீங்க சார்?" "இப்பதாங்க." சொல்லும்போதே முகம் கொதித்தது. அவள் தாளை வாங்கி, அடித்தல்களைப் பார்த்து, கோபப்படாமல் கேட்டாள், "மாத்திருக்கீங்களே." "கை தவறிடுச்சுங்க." அவள் காத்துக்கொண்டு நின்றாள். என் மகளிடம் காத்திருந்த மாதிரியே காத்திருந்தாள், அதுதான் தாங்க முடியவில்லை. "கேட்டேங்க" என்றேன். "வலிக் கேள்வியிலருந்து கேட்டேன்." தலையாட்டினாள். "அப்ப இதை என்னால சேர்க்க முடியாது சார். நீங்க என்ன நினைக்கிறீங்கன்னுதான் எனக்கு வேணும், அவ சொன்னது இல்ல." "முன்னாடி போட்டிருந்ததை வச்சுக்குங்களேன். கீழ தெரியுது பாருங்க." "அதுவும் முடியாது சார், உங்க தாளையும் அவ தாளையும் தனியா எடுத்து வச்சிருவேன், கணக்குல வராது, அவ்ளோதான்." கொஞ்சம் தயங்கி, "ஆனா மோனிஷாகிட்ட சொல்லணும். யாருக்கும் கேக்காதுன்னு நான் சொல்லித்தான் பேசினா. அப்பா கேட்டுட்டாங்கன்னு அவளுக்குத் தெரியணும். மாத்திரை விஷயத்தை டாக்டர்கிட்ட சொல்லலாமான்னு நானே கேட்டுட்டேன், சரின்னுட்டா." வேண்டாம்மா, தெரிந்தால் இனி யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டாள் என்று கெஞ்ச நினைத்தேன். உண்மையில் நினைத்தது அது இல்லை. தெரிந்தால் என் முகத்தை எங்கே வைப்பது என்பதுதான். "நானே சொல்றேங்க" என்று வாய் சொல்லிவிட்டது. அந்தப் பெண் தாளில் ஓரமாக ஏதோ குறித்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வது போல, "அந்தக் கேள்வியை எப்படியும் மாத்தணும், அந்த வார்த்தை சரிப்படல" என்று சொல்லியபடி அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

உள்ளே போனேன். மோனிஷா கண்ணை மூடியிருந்தாள், இமை ஆடுகிறது, தூங்கவில்லை. பை முக்கால்வாசி காலியாகியிருந்தது, அதைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன், சொட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன், அவள் முகத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன். நாற்காலி நஸ்ரின் உட்கார்ந்த சூட்டோடு இருந்தது. "கண்ணு." கண்ணைத் திறந்தாள். "நான் வெளிய நின்னுட்டிருந்தேன்." என்னையே பார்த்தாள். "எவ்வளவு நேரம்?" "ரொம்ப நேரம்." அவள் காது மடல் வரை சிவந்தது, அந்த மங்கின நிறத்திலும் தெரிந்தது, புது ரத்தம் இப்போதுதானே ஏறியிருக்கிறது, அது நேராக முகத்துக்கு வந்துவிட்டது. என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டதாக அவள் வெட்கப்படுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அவங்கதான் உதாரணம் கேட்டாங்கப்பா" என்றாள் மெதுவாக. "வேற எதுவும் டக்குன்னு தோணல. நீங்க அதைப் பெருசா எடுத்துக்காதீங்க." என்னைத் தேற்றுகிறாள். நான் தேற வேண்டும் என்று கையில் ஊசியோடு யோசித்துச் சொல்கிறாள். இல்லை கண்ணு, அது பெரிய விஷயம்தான், நான் அன்றைக்குச் சொன்னது பொய்யைவிட மோசம் என்று சொல்ல வேண்டும். "அந்தாளுகிட்ட நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது" என்பது மட்டும் வெளியே வந்தது, அதுவும் குழாயைப் பார்த்துக்கொண்டு. அவள் "ம்" என்றாள். மன்னித்த "ம்" இல்லை, கேட்டுக்கொண்ட "ம்". அது போதாது, அதற்கு மேல் கேட்க எனக்கு வாயில்லை. அடுத்த கட்டிலில் நஸ்ரின் அதே முதல் கேள்வியைப் படிக்கத் தொடங்கியிருந்தாள், குரல் இங்கே வரை கேட்டது, மோனிஷா காதிலும் விழுந்தது, இரண்டு பேரும் கேட்காதது மாதிரி இருந்தோம்.

"இப்ப வலிக்குதா?" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், எவ்வளவு சொன்னால் இவர் தாங்குவார் என்று பார்க்கிற பார்வை, அது எனக்கு எவ்வளவோ நாளாகத் தெரிந்த பார்வைதான், பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "இல்லப்பா" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். வெளியே யாரோ டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். "கொஞ்சம்" என்றாள் அப்புறம். "கால்ல." உடம்பு எழுந்துவிட்டது, சிஸ்டர் என்று கூப்பிட வாய் திறந்துவிட்டது. "யாரையும் கூப்பிடாதீங்கப்பா. எப்பவும் இருக்கறதுதான். வேணும்னா பிடிச்சு விடுங்க." திரும்ப உட்கார்ந்தேன். போர்வையை விலக்கி, காலை எடுத்து மடியில் வைத்தேன். எத்தனை வருஷமாயிற்று அவள் காலைத் தொட்டு, இவ்வளவு மெலிசாக இருக்குமென்று நினைக்கவில்லை. நான் விலக்கி வந்த திரை ஒரு பக்கம் திறந்துதான் கிடந்தது, போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். முழங்காலுக்குக் கீழே, ஆடுசதையில், வலி அங்கேதான் இருக்கும் என்று நினைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன்.

"இங்கதானே?"

"இல்லப்பா" என்றாள். "எலும்புல. இன்னும் கீழ."